பெருஜியாவில் பத்து வாரம்: வகுப்பில் வரும் இத்தாலியன் கடையில் வர மாட்டேங்குது

தாமிரபரணி (நவம்பர் 24)

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ல முதுகலை படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்துல ரெண்டு செமஸ்டருக்கு இத்தாலி வந்திருக்கேன். ஊர் பெருஜியா, உம்ப்ரியா மாநிலத்தோட தலைநகர். மலை மேல இருக்கிற பழைய ஊர். காலையில மொழி வகுப்பு, மத்தியானம் என் பாடம். வந்து பத்து வாரம் ஆச்சு.

வகுப்புல நல்லாத்தான் எழுதுறேன். போன வாரத் தேர்வுல பி1 (அதாவது நடுத்தர) நிலைக்குத் தேறிட்டேன். தெருவுல இறங்கினா வாய் திறக்க மாட்டேங்குது. தினமும் ஒரே ரொட்டிக் கடைக்குத்தான் போறேன். போற வழியெல்லாம் வாக்கியத்தை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே போவேன். கடைக்கார அம்மா முன்னாடி நின்னதும் முதல் சொல் வந்துரும். ரெண்டாவது சொல்லுக்கு ஒரு நொடி திணறினேன்னா அவங்க உடனே இங்கிலீஷுக்கு மாறிடுறாங்க. பாவம், எனக்கு உதவி பண்றதா நினைச்சுத்தான் செய்றாங்க. ஆனா அன்னிக்கு என் இத்தாலியன் அதோட சரி.

வீட்டுல நாங்க நாலு பேர். ஒருத்தி கொச்சி, ரெண்டு பேர் விஜயவாடா. எங்களுக்குள்ள இங்கிலீஷ்தான். ராத்திரி ஒண்ணா சமைச்சு ஒண்ணா சாப்பிடுறோம். வந்த முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வெச்சுக் கொடுத்ததும் இவங்கதான்.

இப்போ ஜனவரியிலேர்ந்து வேற ஒரு வீட்டுல அறை காலியாகுது. கூட இருக்கப்போறது ரெண்டு இத்தாலியப் பொண்ணுங்க. வீட்டுக்கார அம்மா எதிர்க் கதவுலயே குடியிருக்காங்க. வாடகை மாசம் 40 யூரோ அதிகம். போகலாமா? போனா இவங்களை விட்டுட்டுப் போற மாதிரி உறுத்துது. போகலைன்னா ஒரு வருஷம் இத்தாலியில இருந்தும் ஊமையாவே திரும்புவேனோன்னு பயமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வைகைக்கரை (நவம்பர் 24)

போம்மா. யோசிக்கவே யோசிக்காத.

நான் சியெனாவுல ஒரு வருஷம் இருந்தேன். முதல் நாலு மாசம் நம்ம ஆளுங்க கூட, அப்புறம் இத்தாலியப் பசங்க கூட. என் மொழி வளர்ந்தது சமையலறையிலதான். குப்பைத் தொட்டியிலேர்ந்து ஆரம்பிச்சதுன்னே சொல்லலாம். அங்க காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, கண்ணாடி தனி, சாப்பாட்டு மிச்சம் தனி, எதுலயும் சேராதது தனி. எண்ணெய் பட்ட பீட்சா அட்டை எதுல போகும்னு எங்க வீட்டுல ஒரு மாசம் வாக்குவாதம் நடந்துச்சு. கோபம் வந்தா இலக்கணம் பார்க்கத் தோணாது, வார்த்தை தானா வரும். 'தொக்கா அ தே', அதாவது 'உன் முறை'ங்கிறது நான் அப்படிக் கத்துக்கிட்ட வாக்கியம். இன்னிக்கு வரைக்கும் மறக்கலை.

அப்புறம் ஹீட்டர். எத்தனை மணி நேரம் போடலாம்னு அங்க சட்டமே இருக்கு. நீ இருக்கிற பகுதியில அக்டோபர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும், நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல கிடையாது. பழைய கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொதிகலன் இருந்தா எப்போ எரியணும்னு கட்டட நிர்வாகம் முடிவு பண்ணும். ராத்திரி அணைஞ்சதும் எல்லாரும் சமையலறைக்கு வந்து அடுப்புக்கிட்ட உட்காருவோம். என் காதுக்கு இத்தாலியன் பழகினது அந்த ரெண்டு மணி நேரத்துலதான்.

மனோரஞ்சிதம் (நவம்பர் 25)

வைகைக்கரை தம்பி சொல்றது அவருக்கு நடந்தது. எனக்கு நடந்ததையும் கேட்டுக்கோ தங்கச்சி.

நான் பாதோவாவுல மூணு இத்தாலியப் பொண்ணுங்க கூட இருந்தேன். மூணு பேரும் தங்கமானவங்க. ஆனா அவங்க தங்களுக்குள்ள பேசுற வேகத்துக்கு என்னால ஈடுகொடுக்க முடியலை. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில அவங்க சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாது. இப்படி ஆறு வாரம். அதைவிடக் கஷ்டம் வாரக் கடைசி. இத்தாலியில வெளியூர்ல படிக்கிற பிள்ளைங்க நிறையப் பேர் வெள்ளிக்கிழமை மத்தியானமே அழுக்குத் துணியைப் பெட்டியில அள்ளிக்கிட்டு ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போயிடுவாங்க. ஞாயிறு ராத்திரி அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாக்களோட திரும்பி வருவாங்க. நடுவுல ரெண்டு நாள் அந்த வீட்டுல நான் மட்டும்தான். பேச ஆளில்லாத இத்தாலிய வீட்டுல இருக்கிறதுக்கும் ஊர்ல இருந்து புத்தகம் படிக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியலை.

எனக்கும் அங்க ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு, சனிக்கிழமை. அதுக்கு மேல எழுத வேண்டாம்னு நினைக்கிறேன். கஞ்சி வெச்சுக் கொடுத்தவங்களை நீ எழுதியிருக்கே பாரு, அதைச் சாதாரணமா எடுத்துக்காத. வீட்டை மாத்தாம, ஒரு மணி நேரம் நீ இங்கிலீஷ், ஒரு மணி நேரம் அவங்க இத்தாலியன்னு பேசிப் பழகுற ஒருத்தியைத் தேடு. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில அப்படி நிறையப் பேர் எழுதிப் போட்டிருப்பாங்க.

எழுத்தாணி (நவம்பர் 26)

சென்னையில் இத்தாலிய மொழி கற்பிக்கிறேன். வீடு மாறுவது பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் பேசட்டும். எனக்கு உங்கள் 'ரெண்டாவது சொல்' பற்றித்தான் பேச வேண்டும்.

தமிழில் தோன்றுவதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை இத்தாலியமாக்கிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மாணவர்கள் எல்லாரும் முதலில் இப்படித்தான். நடுவில் இருக்கும் ஆங்கிலம்தான் அந்த ஒரு நொடியைத் தின்கிறது. பல இடங்களில் தமிழிலிருந்து நேரே போனால் வழி குறுகியது.

கடையில் பை வேண்டும். ஆங்கில வழியில் போனால் 'நான்' என்று தொடங்கி, அதற்கேற்ற வினையைத் தேடுவீர்கள். இத்தாலியர் சொல்வது 'மி செர்வே உனா புஸ்தா'. 'மி' என்றால் எனக்கு. எனக்கு ஒரு பை வேண்டும். நம் நான்காம் வேற்றுமை அப்படியே நிற்கிறது. 'மி பியாச்சே': எனக்குப் பிடிக்கும். 'மி ஃபா மாலே லா தெஸ்தா': எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலேய மாணவர்கள் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் இது. உங்களுக்கு இது தாய்ப்பால். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பிடித்த பொருள் பலவாக இருந்தால் வினை 'பியாச்சோனோ' ஆகும்.

எழுவாயை விட்டுவிடுவதும் அப்படித்தான். பேசுகிறேன் என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பர்லோ, பர்லி, பர்லா என்று அவர்களும் விகுதியிலேயே ஆளைக் காட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இயோ' (நான்) என்று தொடங்கும் தமிழ் மாணவரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பழக்கம் அவருக்குத் தமிழிலிருந்து வந்திருக்காது.

மரியாதைப் பேச்சுக்கு வருவோம். பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் 'லேய்' என்று பேச வேண்டும். அந்தச் சொல்லுக்கு 'அவள்' என்றும் பொருள், வினையும் படர்க்கையில் வரும். எதிரில் நிற்பவரைப் படர்க்கையில் எப்படிப் பேசுவது என்று மாணவர்கள் திகைக்கிறார்கள். நம் பாட்டிமார் மருமகனிடம் பேசியதை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், 'மாப்ள காப்பி சாப்புடுறாரா?' என்று அவரிடமே கேட்பார்கள். அதுதான் 'லேய்'. இதை விளக்க இதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆனால் உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. இரட்டை மெய் நமக்கு எளிது என்று எல்லாரும் சொல்வார்கள். ன, ல போன்றவற்றில் அது உண்மை. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. நீங்கள் பிசகவே மாட்டீர்கள். க, த, ப வந்தால்தான் சிக்கல். தமிழில் சொல்லின் நடுவே தனித் தகரம் மெலிந்து ஒலிக்கும்: காது. இரட்டித்தால் வலிந்து ஒலிக்கும்: காத்து. இந்த இரண்டுக்கும் இடையில், இரட்டிக்காமலே வலிந்து ஒலிக்கும் ஒரு தகரம் இத்தாலியத்தில் இருக்கிறது. தாகத்தைக் குறிக்கும் சொல்லில் அந்த ஒற்றைத் தகரம், ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லில் இரட்டைத் தகரம். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'சேத்தே', 'செத்தே' என்றுதான் வரும். தாகம் என்று சொல்ல வந்த தமிழ் மாணவர் வாயில் ஏழு வருவது இதனால்தான். முன்னால் உள்ள எகரத்தை நன்றாக நீட்டி, தகரத்தை நாக்கு நுனியால் தொட்டுவிட்டு உடனே விலகுங்கள். ஒரு வாரம் கண்ணாடி முன் பழகினால் வந்துவிடும்.

இதோடு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் எ, ஏ, ஒ, ஓ எழுத்துகளை இன்று வேறுபடுத்தி எழுதும் முறை வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். அவர் 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய தாய்மொழியிலும் எகர ஒகரங்களில் இரண்டு வகை உண்டு, வாயைத் திறந்து சொல்வது, மூடிச் சொல்வது. சாதாரண எழுத்தில் அதைக் காட்டுவதில்லை. பீச் பழத்துக்கும் மீன்பிடித்தலுக்கும் ஒரே எழுத்துகள்தாம். அப்படிப்பட்ட காதோடு வந்தவர் நம் எழுத்தில் இருந்த குறையைக் கவனித்திருக்கிறார் என்று எண்ணும்போது எனக்கு அவர்மேல் மிகுந்த அன்பு வருகிறது.

பலெர்மோ_பொடியன் (நவம்பர் 26)

எழுத்தாணி ஐயா எழுதினதை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினனான். மாப்பிள்ளைக் கதைக்கு அவ கைதட்டினவ.

தங்கச்சி, நான் சிசிலியில, பலெர்மோவில வளர்ந்தனான். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவை. எங்கட சனம் இங்க நிறைய இருக்கு. அம்மா ஒரு நாளும் மொழி வகுப்புக்குப் போனதில்லை. ஒரு வயசுபோன மனுசியின்ர வீட்டில வேலை செய்தவ, பிறகு பல்லாரோ சந்தையில மரக்கறி வாங்கிப் பழகினவ. அவ்வளவுதான் அவவின்ர பள்ளிக்கூடம். அவவுக்குத் தெரிஞ்ச வழியைத்தான் உங்களுக்குச் சொல்லச் சொன்னவ.

முதலாவது, சனம் நெருக்குற நேரத்தில கடைக்குப் போகாதேங்கோ. காலம எட்டு மணிக்குப் பின்னால அஞ்சு பேர் நிண்டால் கடைக்காரம்மா என்ன செய்வா, கெதியா முடிக்கத்தானே பார்ப்பா. பத்தரைக்குப் போங்கோ. ரெண்டாவது, நீங்களே வாயைத் திறந்து கேளுங்கோ: 'ஸ்தோ இம்பரான்தோ லிதாலியானோ, பொஸ்ஸியாமோ பர்லாரே இன் இதாலியானோ?' இத்தாலியன் படிச்சுக்கொண்டிருக்கிறன், இத்தாலியனிலயே கதைப்பமா எண்டு அர்த்தம். இதைக் கேட்டு மாட்டன் எண்டு சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் காணேல்லை. மூண்டாவதுதான் அம்மா அழுத்திச் சொன்னது. சாமான் கேக்கிறது கதை இல்லையாம். உங்களுக்கு உண்மையா அறிய விருப்பமான ஒண்டைக் கேக்க வேணுமாம்.

இங்க மொன்தே பெல்லெக்ரினோ மலையில சாந்தா ரொசாலியாவின்ர கோயில் இருக்கு. இந்த ஊரின்ர காவல் தெய்வம். எங்கட ஆக்கள், சைவச் சனமும் சேர்த்துத்தான், நேர்த்தி வைச்சு அந்த மலைக்கு ஏறுவினம். அம்மா வந்த புதுசில ஏறேக்க பக்கத்தில ஏறிக்கொண்டிருந்த ஒரு பலெர்மோ மனுசியிட்ட, என்னத்துக்காக ஏறுறீங்கள் எண்டு கேட்டவவாம். அந்த மனுசி மேல போய்ச் சேரும்வரைக்கும் தன்ர மகன்ர வருத்தத்தைச் சொல்லிச் சொல்லி வந்தவவாம். அம்மாக்குப் பாதி விளங்கேல்லை. ஆனா அண்டைக்குத்தான் தனக்கு இந்தப் பாஷை வரும் எண்டு நம்பிக்கை வந்தது எண்டுறா.

ஒரு விசயம், பலெர்மோவுக்கு வந்தால் நீங்கள் படிச்ச இறந்தகாலம் கொஞ்சம் மாறிக் கேக்கும். 'சாப்பிட்டன்' எண்டதுக்கு வடக்கில 'ஓ மஞ்ஜாத்தோ' எண்டு சொல்லுறதை இங்க 'மஞ்ஜாய்' எண்டுவினம். பயப்பிடாதேங்கோ.

தாமிரபரணி (டிசம்பர் 3)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனோரஞ்சிதம் அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுப் பிள்ளைங்க கிட்டயே நேரா பேசிட்டேன். அவங்க 'நீ போ, உன் தட்டு இங்கயே இருக்கும்'னு சொல்லிட்டாங்க.

பலெர்மோ அண்ணா, அம்மா சொன்ன மாதிரியே செஞ்சேன். எனக்கு உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊரு ரொட்டியில உப்பே இல்லை! முதல் நாள் வாயில வெச்சப்போ யாரோ போட மறந்துட்டாங்கன்னே நினைச்சேன். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே'ன்னு சொல்லி வளர்த்த ஊர்லேர்ந்து வந்தவ நான். அதனால பத்தரை மணிக்குப் போயி, முதல்ல நீங்க சொல்லிக் கொடுத்த வாக்கியத்தைச் சொல்லிட்டு, 'பெர்க்கே சென்ஸா சாலே?'ன்னு கேட்டேன். ஏன் உப்பு இல்லை?

அந்த அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழ வெச்சுட்டாங்க. கால் மணி நேரம் பேசினாங்க, முழுக்க இத்தாலியன்! 1540ல போப் மூணாம் பவுல் உப்புக்கு வரி ஏத்தினாராம், பெருஜியாக்காரங்க எதிர்த்துச் சண்டை போட்டுத் தோத்தாங்களாம், அந்த உப்பு வேண்டாம்னு அன்னிக்கு விட்டதுதான் இன்னும் சேர்க்கலையாம். (வகுப்பு ஆசிரியர்கிட்ட சொன்னப்போ, சண்டை நடந்தது வரலாறு, ரொட்டிக்குக் காரணம் அதுதானாங்கிறதுல எல்லாரும் ஒத்துப்போறதில்லைன்னார். பரவாயில்லை.) ஜெயிச்ச போப், எதிர்த்த குடும்பத்தோட வீடுகள் இருந்த இடத்துலயே ரோக்கா பவோலினான்னு கோட்டை கட்டினார். நான் தினம் பேருந்து நிலையத்துலேர்ந்து மேல வர்ற நகரும் படிக்கட்டு அந்தக் கோட்டைக்குள்ளதான் போகுது. பத்து வாரமா மங்கலான வெளிச்சத்துல செங்கல் சுவரும் வளைவும் கடந்து போயிட்டிருந்தேன். அது கோட்டைக்கு அடியில மூடிப்போன பழைய தெருன்னு அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாதிக்கு மேல புரிஞ்சுது. புரியாத இடத்துல நிறுத்திக் கேட்டேன். அவங்க ஒரு தடவைகூட இங்கிலீஷுக்குப் போகலை.

அறைக்கும் சரின்னு சொல்லிட்டேன். ஜனவரி 7.

சட்டப்புள்ளி (டிசம்பர் 3)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதை யாரும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவரை வீட்டில் வைத்தால், வீடு தருபவர் 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் நினைவுபடுத்தி ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் அனுமதி அட்டை இன்னும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அஞ்சலகத்தில் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், அட்டை வரும்வரை அதுதான் உங்கள் அத்தாட்சி. முகவரி மாற்றத்தையும் மறக்காமல் தெரிவியுங்கள்.

இனி வருபவர்களுக்கு: நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கடவுச்சீட்டில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். 16 எழுத்துள்ள வரி அடையாள எண் அந்தப் பெயரிலிருந்துதான் உருவாகிறது. பெண்களுக்கு அதில் பிறந்த தேதியோடு 40 கூட்டி எழுதியிருக்கும், தவறு என்று பதற வேண்டாம்.

வைகைக்கரை (ஜனவரி 19)

தாமிரபரணி, புது வீடு எப்படி இருக்கு? அரிசிக்கு என்ன பண்றே? நான் ரிசோத்தோ அரிசியை வாங்கிச் சோறு வடிச்சுக் களி மாதிரி தின்ன நாட்கள் ஞாபகம் வருது.

தாமிரபரணி (பிப்ரவரி 12)

தாமதமா வர்றேன், தேர்வு இருந்துச்சு.

அரிசி: பாக்கெட்டுல 'பார்பாயில்ட்'னு போட்டிருந்தா அது நம்ம புழுங்கலரிசியேதான் அண்ணா, சாதாரண சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்குது. தோல் எடுத்த சிவப்பு 'லெந்திக்கியே'ன்னா மைசூர் பருப்பு. புளி மட்டும் ஆசியக் கடையில வாங்குறேன்.

மனோரஞ்சிதம் அக்கா சொன்னது அப்படியே நடந்துச்சு. முதல் ரெண்டு வாரம் மேசையில எனக்கு ஒண்ணும் புரியலை. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் பெட்டியோட கிளம்பிட்டாங்க. ஆனா எதிர்வீட்டு அம்மா இருந்தாங்க. 74 வயசு, தனியா இருக்காங்க. சனிக்கிழமை காலையில மோக்காவுல (அடுப்புல வைக்கிற இத்தாலியக் காப்பிப் பாத்திரம்) காப்பி போட்டுட்டுக் கதவைத் தட்டினாங்க. நான் 'லேய்'ல பேசினேன், மாப்பிள்ளையை மனசுல வெச்சுக்கிட்டு. மூணாவது சனிக்கிழமை 'தம்மி தெல் து'ன்னாங்க, அதாவது என்னை 'நீ'ன்னே கூப்பிடுன்னு. எனக்கு நாக்கு வரலை. எங்க ஊர்ல 74 வயசுக்காரங்களை எப்படி நீன்னு சொல்றது? இப்பவும் பாதி நேரம் 'லேய்'தான் வருது, அவங்களும் விட்டுட்டாங்க.

ஒரு நாள் அடுப்புக்கிட்ட நின்னு ஒருத்தி 'புத்தோ லா பாஸ்தா?'ன்னா. 'புத்தாரே'ன்னா தூக்கிப் போடுறதுன்னு படிச்சிருந்தேன். நல்ல பாஸ்தாவை ஏன் எறியணும்னு கேட்டேன். கொதிக்கிற தண்ணியில போடுறதுக்கும் அதே சொல்தானாம். எல்லாரும் வந்துட்டீங்களா, போடட்டுமான்னு கேட்குறது. நாம 'தோசை ஊத்தட்டுமா'ன்னு கேட்குறோமே, அது மாதிரி. அதுக்கப்புறம் தினமும் அந்தக் கேள்வி என் காதுல விழுறப்போ வீடு மாதிரி இருக்கு.

தேர்வு வாய்மொழித் தேர்வு. மத்த பிள்ளைங்க எல்லாம் பின்னாடி உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி வீட்டுக்கார அம்மா போன்ல 'இன் போக்கா அல் லூப்போ'ன்னாங்க, ஓநாய் வாய்க்குள்ளன்னு அர்த்தம், வாழ்த்துதான். பேராசிரியர் 'மி பர்லி தி...'ன்னு, அதாவது எனக்கு இதைப் பத்திச் சொல்லுங்கன்னு ஆரம்பிச்சார். அந்த 'மி' எனக்குன்னும், 'பர்லி' எனக்கான மரியாதைன்னும் மூளைக்குள்ள தனியா மொழிபெயர்க்காமலே புரிஞ்சுது, எழுத்தாணி ஐயா. இருபது நிமிஷம் பேசினேன். 30க்கு 27. 18 வாங்கினாலே பாஸ்.

எழுத்தாணி (பிப்ரவரி 12)

மிக்க மகிழ்ச்சி. 'தாகம்' சரியாக வருகிறதா?

தாமிரபரணி (பிப்ரவரி 13)

பத்துக்கு ஏழு தடவை ஐயா. மீதி மூணு தடவை இன்னும் ஏழுதான் வருது.

குறிஞ்சிப்பூ (ஜூன் 28)

அக்கா, இந்த இழையைத் தேடிப் பிடிச்சேன். நான் செப்டம்பர்ல பெருஜியா வர்றேன். எனக்கு இத்தாலியன் ஒரு சொல்கூடத் தெரியாது. உங்க பழைய வீட்டுல அந்தப் படுக்கை காலியா இருக்கா? முதல்லயே இத்தாலியக்காரங்க கூட இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

தாமிரபரணி (ஜூன் 28)

விஜயவாடாப் பொண்ணு ஒருத்தி ஜூலையில ஊருக்குத் திரும்புறா, அவ இடம் காலி. தனிச் செய்தியில விவரம் அனுப்புறேன். நான் செப்டம்பர் 20 வரைக்கும் இங்க இருப்பேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் அந்த வீட்டுலதான் சாப்பாடு, சாம்பார் என் முறை. பெருங்காயம் மட்டும் ஒரு டப்பா எடுத்துட்டு வாம்மா, இங்க தீர்ந்து போச்சு.